ஆட்டோஃப்ளவர் தொட்டிக்கு மண் வாங்கும் முன்

மே மாத விக்டோரியா டே லீவு நெருங்கினாலே டொரண்டோ சுற்றுவட்டார நர்சரிகளில் மண் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு ஏறிவிடும். எனக்கு வரும் கேள்விகளும் அந்த வாரத்தில்தான் தொடங்கும். "அண்ணா, ஆட்டோஃப்ளவர் விதை வாங்கிட்டேன், மண்ணு எதுன்னு மட்டும் சொல்லிடுங்க." ஆட்டோஃப்ளவர் என்பது தானாகவே பூக்கும் கஞ்சா வகை, சுருக்கமாக ஆட்டோ. தொட்டியில் வளர்க்கும் ஆட்டோவுக்கு முக்கால்வாசி விஷயம் அந்த "மட்டும்" என்பதற்குள்தான் இருக்கிறது. விதை ரகம், விளக்கு, பாட்டில் உரம் என்று எல்லாவற்றையும் பற்றி ராத்திரி ராத்திரியாகப் படிக்கிறார்கள், கடைசியில் மண்ணை மட்டும் வாசலில் தள்ளுபடியில் கிடக்கும் மூட்டையாகப் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே தடவை விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி செல்லும். ஒன்டாரியோவில் 19 வயது நிறைந்தவர்கள் வீட்டில் வளர்க்கலாம், ஆனால் ஒரு வீட்டுக்கு மொத்தமே 4 செடிதான். ஆளுக்கு 4 என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது தவறு. விதையும் உரிமம் பெற்ற கடையிலிருந்துதான் வாங்கவேண்டும். வாடகை வீடு, அடுக்குமாடிக் காண்டோ என்றால் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே கூடாது, அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலும் குற்றம், 10 ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம்தான். ஆகவே இது அனுமதி உள்ள இடத்தில், உரிய வயதில் இருப்பவர்களுக்காக எழுதியது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் செடி பூட்டுக்குள் இருக்கட்டும்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

சாதாரண கஞ்சாச் செடி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூப்பது. இரவு போதிய அளவு நீண்ட பிறகுதான் அது பூவுக்குத் திரும்பும். ஒன்டாரியோவில் வெளியே வைத்தால் அறுவடை அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போகும், அதற்குள் பனியும் பூஞ்சையும் வந்துவிடும். ஆட்டோஃப்ளவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. ரூடராலிஸ் என்று ஒரு குட்டைக் கஞ்சாச் செடி ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் தானாக முளைக்கும், கோடைக்காலம் மிகவும் குறுகிய இடங்களில் பிழைக்கப் பழகியது. 1924இல் ஒரு ரஷ்யத் தாவரவியலாளர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். அதன் குணத்தை மற்ற ரகங்களோடு கலந்து வந்தவைதான் இன்றைய ஆட்டோக்கள். 2000களின் தொடக்கத்தில் லோரைடர் என்ற ரகம் வந்த பிறகுதான் இது பரவலானது. முளைத்து மூன்று முதல் ஐந்து வாரத்தில் ஆட்டோ தன் வயதுக்குப் பூக்கத் தொடங்கிவிடும், வெளிச்சம் எவ்வளவு நேரம் இருந்தாலும் சரி. விதையிலிருந்து அறுவடை வரை பெரும்பாலான ரகங்களுக்கு 70 முதல் 90 நாள். ஜூன் தொடக்கத்தில் போட்டால் ஆகஸ்ட் கடைசிக்குள் வேலை முடிந்துவிடும், குளிர் நெருங்குவதற்கு முன்பே.

இதில் மண்ணுக்கு என்ன சம்பந்தம் என்றால், சாதாரணச் செடி இரண்டு வாரம் சுணங்கிக் கிடந்தால் இன்னும் இரண்டு வாரம் கூடுதலாக வளரவிட்டு ஈடுகட்டலாம், முடிவு நம் கையில் இருக்கிறது. ஆட்டோவுக்கு அந்த வசதி இல்லை. முதல் மூன்று வாரத்தில் வேர் மூச்சுத் திணறினாலும், உரக்காரத்தில் இலை நுனி கருகினாலும், செடி அதற்காகக் காத்திருக்காது, அரை அடி உயரத்தில் இருந்தாலும் பூக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் நீங்கள் எந்த பாட்டிலை ஊற்றினாலும் அந்த உயரம் திரும்பி வராது. அதனால் ஆட்டோவுக்கு மண் தேர்ந்தெடுக்கும்போது என் அளவுகோல் ஒன்றுதான்: முதல் இருபது நாள் அந்த மண் செடியைத் தொந்தரவு செய்யாமல் இருக்குமா? காற்றோட்டமான, சத்துக் குறைந்த மண்ணைப் போட்டு, தேவைப்படும்போது நாம் உணவு கொடுப்பதுதான் இந்தச் செடிக்குச் சரிப்படும். சத்து நிறைந்த மண்ணைத் தேடி அதிகப் பணம் கொடுப்பது ஆட்டோவைப் பொறுத்தவரை வீண்செலவு மட்டுமில்லை, கெடுதலும்கூட.

மூட்டையின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். முன்பக்கத்தில் தக்காளிப் படமும் பெரிய எழுத்துகளும்தான் இருக்கும். திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். "6 மாதத்துக்கு உணவு" என்ற மாதிரி ஏதாவது இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். அதற்குள் பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சு போட்ட உர மணிகள் இருக்கும், மஞ்சளாகவோ பச்சையாகவோ சின்னச் சின்ன உருண்டை, கையில் நசுக்கினால் உள்ளே திரவம் வரும். அந்த மணி செடியின் வயதைப் பார்த்து உரத்தை விடுவதில்லை, வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்து விடுகிறது. ஜூலை வெயிலில் கறுப்புத் தொட்டி சூடேறினால் தேவைக்கு மேல் கொட்டும். இன்னொன்று, ஆட்டோவின் முழு ஆயுளே மூன்று மாதம். ஆறு மாதத்துக்கான நைட்ரஜன் பூக்கும் காலம் முழுக்க விடாமல் வந்துகொண்டே இருந்தால் இலைகள் கரும்பச்சையாகி நுனி கொக்கி மாதிரிக் கீழ்நோக்கி வளையும், பூ சரியாகத் திரளாது. மண்ணுக்குள் கலந்துவிட்ட மணியைத் திரும்பப் பொறுக்கி எடுக்கவும் முடியாது.

அடுத்தது, "டாப் சாயில்", "கார்டன் சாயில்", "பிளாக் எர்த்" என்று போட்டிருக்கும் மூட்டைகள். விலை மிகவும் குறைவு, ஒற்றைக் கையால் தூக்க முடியாத கனம். அவை தரையில் பாத்தியில் கொட்டுவதற்கானவை. தொட்டியில் போட்டு நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் களியாக இறுகிவிடும். நம் ஊரில் செம்மண்ணை நேரடியாகத் தொட்டியில் போட்டுச் செம்பருத்தி வளர்க்கவில்லையா என்று கேட்பார்கள். செம்பருத்தி வருடக்கணக்கில் இருந்து மெதுவாகப் பழகிக்கொள்ளும் செடி, ஆட்டோவுக்குப் பழகுவதற்கு நேரமே கிடையாது.

வாங்கவேண்டியது பாட்டிங் மிக்ஸ் என்ற வகை, அதாவது பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அல்லது தேங்காய் நார்த்தூளை அடிப்படையாகக் கொண்ட லேசான கலவை. கனடாவில் பீட்டுக்குப் பஞ்சமில்லை, கியூபெக்கிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் உள்ள சதுப்பு நிலங்களிலிருந்து வெட்டி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். புரோ-மிக்ஸ் மாதிரியான கலவைகள் பசுமைக்குடில்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்துவது. அதில் எச்பி என்று போட்டிருக்கும் ரகத்தில் பீட்டும் பெர்லைட்டும் (காற்றோட்டத்துக்குச் சேர்க்கும் வெள்ளைக் கல்பொரி) சுண்ணாம்புத் தூளும்தான் முக்கியம், பெர்லைட் அளவு தாராளமாக இருக்கும். நான் முதலில் கைகாட்டுவது இந்த மாதிரிக் கலவையைத்தான். ஒரு சிப்பம் 107 லிட்டர், அழுத்திக் கட்டியிருப்பார்கள், உதிர்த்துவிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். 4 தொட்டிக்கு அது மிக அதிகம். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது சின்னப் பையாக வாங்குங்கள்.

வெறும் பீட்டை மட்டும் வாங்கினால் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். பீட் இயல்பிலேயே புளிப்பு, புளிப்பைக் காட்டும் அதன் பிஎச் அளவு 4 பக்கம் இருக்கும். இந்தச் செடிக்கு மண்ணில் 6 முதல் 6.8 வரை வேண்டும், பீட் கலவையென்றால் 5.8 பக்கம் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். கடைக் கலவைகளில் டோலமைட் சுண்ணாம்பை ஏற்கெனவே சேர்த்துவிடுவார்கள், அதில் நீங்கள் மறுபடியும் சேர்க்கத் தேவையில்லை. தனிப் பீட் என்றால் லிட்டருக்கு 4, 5 கிராம் டோலமைட் தூள் கலந்து, நனைத்து, ஒன்றிரண்டு வாரம் ஊறவிட்ட பிறகுதான் விதை போடவேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். விதை பாக்கெட்டைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு சுண்ணாம்பு தேடுகிறவர்களுக்கு என் அறிவுரை: பேசாமல் தயார்க் கலவையையே வாங்கிவிடுங்கள்.

இப்போது பெர்லைட். எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூளையில் சுட்டுப் பொரியவைத்தது அது. சத்து எதுவும் கிடையாது, வேலை ஒன்றே ஒன்றுதான், மண்ணுக்குள் இடைவெளி உண்டாக்குவது. மூட்டையில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தாலும் பெரும்பாலான கடைக் கலவைகளுக்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்காவது சேர்க்கலாம். கொட்டும்போது வெள்ளைத் தூசி கிளம்பும், நுரையீரலுக்கு ஆகாது. பையைத் திறந்து உள்ளேயே தண்ணீர் தெளித்துவிட்டு அப்புறம் கொட்டுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். வெர்மிகுலைட் என்று பக்கத்திலேயே ஒன்று இருக்கும், அது தண்ணீரைப் பிடித்து வைப்பது, இதற்கு அது பதிலாகாது.

ஏன் இவ்வளவு காற்றோட்டம் பற்றிப் பேசுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் முழுவதும் வடிவதில்லை. அடியில் ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடிமட்டத்தில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் முழுக்கத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துத் தட்டையாகப் பிடித்துப் பாருங்கள், சொட்டி முடித்த பிறகு அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், திரும்பவும் தண்ணீர் ஒழுகும். தொட்டியிலும் அதே கதைதான். அடியில் ஈரமாகவே நிற்கும் அந்த அடுக்கின் உயரம் கலவையைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது இல்லை. கலவை நைசாக இருந்தால் அடுக்கு உயரும், பருபருவென்று இருந்தால் தாழும். அதனால் குட்டையான அகலத் தொட்டியில் பாதி மண் சேறாகவே இருக்கும், உயரமான தொட்டியில் அதே மண் நன்றாக மூச்சு விடும்.

இதனால்தான் அடியில் ஜல்லிக்கல் போடுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன். நைஸ் மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இருந்த இடமும் குறைந்துவிடும். ஓட்டையை மறைக்க ஒரு ஓட்டாஞ்சில்லு வைப்பது வேறு, மண் ஒழுகாமல் இருக்க அது போதும். அடியிலிருந்து மேல் வரை ஒரே கலவையாக நிரப்புவதுதான் சரி.

நீங்கள் கலக்கிய மண் சரியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். 1 லிட்டர் பிடிக்கிற, உயரமான தயிர் டப்பா ஒன்றை எடுத்து அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, ஓட்டைகளை டேப்பால் மூடிவிடுங்கள். நனைத்த கலவையை விளிம்பு வரை நிரப்பி, தரையில் ஒன்றிரண்டு தட்டுத் தட்டி, மேலே தண்ணீர் மினுமினுவென்று தெரியும் வரை மெதுவாக ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் கீழே அளவுக் குவளையை வைத்துக்கொண்டு டேப்பைப் பிரித்துவிடுங்கள். வடிந்து முடிந்த பிறகு குவளையில் 150 முதல் 250 மில்லி வரை இருந்தால் நல்ல கலவை, வடிந்த தண்ணீர் இருந்த இடமெல்லாம் இப்போது காற்று. 100 மில்லிக்குக் கீழே போனால் இன்னும் பெர்லைட் வேண்டும் என்று அர்த்தம். 300க்கு மேல் போனால் ஜூலை வெயிலில் நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றத் தயாராக இருங்கள். பத்து டாலர் மூட்டைக்கும் முப்பது டாலர் மூட்டைக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் குவளையில் தெரியும் அளவுக்கு மூட்டை மேல் இருக்கும் எழுத்துகளில் தெரியாது.

தேங்காய் நார்த்தூளைப் பற்றி எழுத எனக்குத் தனி ஆசை உண்டு. இங்கே க்ரோ ஸ்டோரில் கோகோ காயர் என்று அடுக்கி வைத்திருக்கும் கட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவை. பொள்ளாச்சிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நார் மில் வாசலில் மட்டை ஒரு பக்கம் குவிந்திருக்கும், நார் எடுத்த பிறகு விழும் தூள் இன்னொரு பக்கம் சின்னக் குன்றாக நிற்கும். ஒரு காலத்தில் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கிடந்த அந்தத் தூளைத்தான் கழுவி, உலர்த்தி, 5 கிலோ கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் ஒரு கட்டி 70 லிட்டர் வரை உப்பும். சீக்கிரம் மக்காது, காய்ந்தாலும் பீட் மாதிரி தண்ணீரை விலக்காமல் உடனே உறிஞ்சும். ஆட்டோவுக்கு மிக நல்ல பொருள், ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை உப்பு. மட்டை உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தாலோ, தூளைச் சரியாகக் கழுவாவிட்டாலோ சோடியம் தங்கியிருக்கும். பொட்டாசியம் இயல்பிலேயே அதிகம். இந்த இரண்டையும் தூள் தன்மேல் ஒட்டவைத்திருக்கும், நீங்கள் கொடுக்கும் கால்சியமும் மெக்னீசியமும் வந்ததும் அவற்றைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போய்ச் சேராது, இளம் இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் வரும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, கழுவி அனுப்புகிறார்கள், உறையில் "பஃபர்டு" என்று போட்டிருக்கும். "வாஷ்டு" என்று மட்டும் இருந்தால் உப்பைக் கழுவியிருக்கிறார்கள், கால்சியம் ஏற்றவில்லை. செல்லப்பிராணிகளுக்கு விரிக்க விற்கும் மலிவுக் கட்டியை வாங்கித் தொட்டியில் போடாதீர்கள். காயரில் செடிக்குப் போதுமான சத்து இல்லை என்பதால் முதல் சில நாட்கள் போனதுமே தண்ணீரோடு உணவும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், பிஎச் அளக்கவேண்டும். வேலைக்குப் போய்வந்து வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் ஊற்றுகிறவருக்குப் பீட் கலவைதான் வசதி. தினமும் செடி பக்கத்தில் நிற்கிறவருக்குக் காயர் வேகமான வளர்ச்சி கொடுக்கும்.

தண்ணீரும் மண்ணின் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். டொரண்டோ குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர், பிஎச் 7க்கு மேல், லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கடினத்தன்மை. அதாவது கால்சியமும் மெக்னீசியமும் ஓரளவு அதிலேயே வருகிறது. பீட் கலவையில் வளர்க்கிறவர்கள், எல்லோரும் சொல்கிறார்களே என்று, முதல் நாளிலிருந்தே கால்-மேக் (கால்சியம்-மெக்னீசியம்) பாட்டிலை ஊற்றவேண்டியதில்லை. கிச்சனர், குவெல்ஃப் ஊர்கள் பக்கம் பெரும்பாலும் நிலத்தடி நீர், ரொம்பக் கடினமானது, அங்கே மண்ணின் பிஎச் வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டே போகும், அதனால் சுண்ணாம்பு குறைவான கலவை நல்லது. வீட்டில் உப்பு போடுகிற சாஃப்ட்னர் இருந்தால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள், கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கும் கருவி அது. சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து பிடியுங்கள், பெரும்பாலும் தோட்டத்துக் குழாய் அப்படித்தான் இருக்கும்.

"சூப்பர் சாயில்", "லிவிங் சாயில்" பற்றியும் கேட்கிறார்கள். இரத்தத்தூள், எலும்புத்தூள், மண்புழு உரம், கடற்பாசித்தூள் எல்லாம் கலந்து, வெறும் தண்ணீரிலேயே அறுவடை வரை போகலாம் என்ற யோசனை. எனக்கும் அதில் மதிப்பு உண்டு, ஆனால் அது பெரிய தொட்டிக்கும் நீண்ட ஆயுள் உள்ள செடிக்கும் அமைந்தது. கலந்த உடனே சூடேறும், பல வாரம் வைத்துத் தணியவிட வேண்டும், அப்படித் தணியாத மண்ணில் ஆட்டோ முளை மூன்றாவது இலை விடுவதற்குள் எரிந்துவிடும். 10 லிட்டர் தொட்டியில் மூன்று மாதத்துக்கான சத்தை மக்கவைத்து நேரத்துக்கு விடும் அளவுக்கு நுண்ணுயிர்களுக்கும் இடம் போதாது. விருப்பம் இருந்தால் 20 லிட்டருக்கு மேல் உள்ள தொட்டியில் அடியில் மூன்றில் ஒரு பங்கு சத்து மண், மேலே முழுக்க லேசான கலவை என்று போடலாம். வேர் கீழே இறங்கும்போது செடியும் சாப்பிடும் வயதுக்கு வந்திருக்கும். இரண்டு அடுக்கும் ஒரே அளவு பருபருப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கும்.

இதைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒன்று. கஞ்சாச் செடி மண்ணில் உள்ள கன உலோகங்களை நன்றாக உறிஞ்சும். ஈயம், காட்மியம் எல்லாம் முழுக்க வேரோடு நிற்பதில்லை, ஒரு பகுதி இலைக்கும் பூவுக்கும் ஏறிவரும். இதே இனத்து ஹெம்ப் செடியை, அதாவது நாருக்காக வளர்க்கும் கஞ்சா வகையை, மாசுபட்ட மண்ணைச் சுத்தப்படுத்த முடியுமா என்று செர்னோபில் பக்கத்தில் 1998இல் நட்டுப் பார்த்தார்கள் என்றால் அதன் உறிஞ்சும் குணத்தைப் புரிந்துகொள்ளலாம். உரிமம் பெற்ற நிறுவனங்கள் விற்பதற்கு முன் உலோகச் சோதனை செய்தாக வேண்டும். நம் வீட்டுச் செடியை யாரும் சோதிப்பதில்லை. டொரண்டோவில் பழைய வீடுகளைச் சுற்றி ஈயப் பெயின்ட் உதிர்ந்த மண் இருக்கலாம், கராஜ் ஓரத்து மண்ணில் என்னென்ன எண்ணெய் சிந்தியதோ. அந்த மண்ணை அள்ளித் தொட்டியில் போடவே கூடாது. நகராட்சி இலவசமாகக் கொடுக்கும் கம்போஸ்ட் பூச்செடிக்கு அருமையானது, இதற்கு வேண்டாம். கழிவுநீர்க் கசடு கலந்த உரமும் வேண்டாம். நாமோ நம் வீட்டுப் பெரியவர்களோ உள்ளே எடுத்துக்கொள்ளப்போகும் ஒரு பொருளுக்கு மண்ணில் இருபது டாலர் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

தொட்டி அளவு: 11 முதல் 19 லிட்டர், துணித்தொட்டி நல்லது. விதையைக் கடைசி வரை இருக்கப்போகும் தொட்டியிலேயே போடுங்கள், இடம் மாற்றும்போது வேர் அறுபட்டால் ஒரு வாரம் போகும், அந்த ஒரு வாரம் நம்மிடம் இல்லை.

பழைய மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்கு வெளியே மழையில் நனைந்து கிடக்கும் மூட்டைகளில் பூஞ்சைக் கொசு முட்டையிட்டிருக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து திறந்த பத்து நாளில் சின்னக் கறுப்புக் கொசுக்கள் மண்மேல் ஓடும். பெரிய செடிக்கு அது தொந்தரவு மட்டும்தான், ஆனால் அதன் புழு இளம் வேரைக் கடிக்கும், ஆட்டோவில் அது முதல் மூன்று வாரத்தில் நடந்தால் விளைச்சலே போகும். கூரைக்குக் கீழ் இருக்கும் மூட்டையாக, காற்றோட்டத் துளைகள் கிழியாததாகப் பார்த்து எடுங்கள். மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொட்டி ஓரத்தில் குத்தி வையுங்கள்.

என்ன அளவில் கலக்குவது என்று கடைசியில் கேட்பீர்கள். 15 லிட்டர் தொட்டி நாலு என்றால் 60 லிட்டர் வேண்டும். உர மணி இல்லாத பீட் கலவை 42 லிட்டர், பெர்லைட் 12 லிட்டர், மண்புழு உரம் 6 லிட்டர். மண்புழு உரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம், அது சத்துக்கு என்பதைவிட நுண்ணுயிருக்காக, அதிகமானால் நைசாகிக் காற்றை அடைத்துவிடும். எச்பி மாதிரி பெர்லைட் அதிகமாக உள்ள கலவை வாங்கினால் பெர்லைட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு தயிர் டப்பாச் சோதனை செய்து பாருங்கள். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டி, மூலைகளைப் பிடித்து மாற்றி மாற்றிப் புரட்டினால் மண்வெட்டியே தேவைப்படாது. கலக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துக்கொண்டே போங்கள். காய்ந்த பீட் பிடிவாதமானது, தொட்டியில் நிரப்பிய பிறகு ஊற்றினால் தண்ணீர் ஓரத்து இடுக்கு வழியாக நேராகக் கீழே ஓடிவிடும், மேலே ஈரமாகத் தெரியும், நடுவில் கைவிட்டால் தூசியாக இருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நின்று, விரலால் தொட்டதும் உதிரவேண்டும், தண்ணீர் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. அதுதான் பதம். அழுத்தித் திணிக்காமல் நிரப்பி, தொட்டியை ஒருமுறை தரையில் தட்டி, ஒரு இரவு விட்டு மறுநாள் நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வையுங்கள். அன்றிலிருந்து முதல் பத்து நாள் தொட்டி முழுக்க ஊற்றாமல், முளையைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், வட்டத்தைச் செடியின் இலை விரிவுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். உர பாட்டிலை மூன்றாவது ஜோடி இலை விரியும் வரை திறக்கவேண்டாம், திறந்தாலும் லேபிளில் சொன்னதில் கால் பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். கலவையில் சந்தேகம் இருந்தால் மூட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், விதை போடுவதற்கு முன்னால் அனுப்பினால் பதில் சொல்ல எனக்கும் சந்தோஷம்.